பழைய லேப்டாப்பில் லினக்ஸ், அதற்குள் விண்டோஸ் மென்பொருள்: எந்த டீஃபால்ட்டை மாற்றணும், எதை விட்டுவிடலாம்?

புது மென்பொருள் போடும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்" என்று அழுத்திக்கொண்டே போகிற ஆளா நீங்கள்? பெரும்பாலானவர்கள் அப்படித்தான். அப்படி நாம் படிக்காமல் கடந்துபோகும் ஒவ்வொரு திரையிலும் நமக்காக வேறு யாரோ ஒரு முடிவை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் டீஃபால்ட் செட்டிங்ஸ். தமிழில் முன்னிருப்பு அமைப்பு.

சாதாரண நாளில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஓர் இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட மென்பொருளை வேறோர் இயங்குதளத்தில் ஓட்டும்போது கதை மாறுகிறது. உங்கள் கோப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் அவற்றைப் பார்க்க முடியும், தமிழ் எழுத்து தமிழாகத் தெரியுமா என்பதெல்லாம் அந்த முன்னிருப்பைப் பொறுத்தது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. தனிநபர் பயனர்களுக்காக மைக்ரோசாஃப்ட் அறிவித்த கூடுதல் காலத்துக்கும் 2026 அக்டோபர் 13 என்று தேதி குறிக்கப்பட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016 வாக்கில் வாங்கிய லேப்டாப் இந்தத் தேர்வில் தேறாது. திரை நன்றாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும், ஆனால் "தகுதி இல்லை" என்று செய்தி வரும்.

புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவில் புது லேப்டாப் விலையைப் பார்த்துவிட்டு, "சரி, பழசையே வச்சுக்கலாம்" என்று வீடு திரும்பியவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அவர்களுக்கு இருக்கும் இலவச வழிகளில் ஒன்று லினக்ஸ். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை பழைய கணினியிலும் தாராளமாக ஓடும். பிரௌசர் இருந்தால் போதும் என்கிறவர்களுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. வங்கி, வருமான வரி, யூடியூப், கூகள் டாக்ஸ் எல்லாம் அப்படியே வேலை செய்யும்.

சிக்கல் எங்கே வருகிறது? விண்டோஸுக்காக மட்டுமே எழுதப்பட்ட அந்த ஒரே ஒரு மென்பொருளில்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் உங்கள் அப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமண அழைப்பிதழ், காதணி விழா அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ்தான் தொழில். இருபது வருட வேலை ஒரு பழைய விண்டோஸ் மென்பொருளில், பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கிறது. நீங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு முடித்த அன்று இரவு அப்பா கேட்கிறார்: "ஏம்மா, அந்தப் பழைய கார்டு ஃபைலு இதுல திறக்குமா?"

திறக்கும். பல நேரங்களில் திறக்கும். ஆனால் அதற்கு முன் சில டீஃபால்ட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைன் என்றால் என்ன?

லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டப் பலரும் பயன்படுத்துவது 'வைன்' என்ற இலவச மென்பொருள். 1993-இல் தொடங்கிய திட்டம். 1.0 பதிப்பு வெளிவர 2008 ஜூன் வரை ஆனது. இதற்குள் விண்டோஸ் கிடையாது. விண்டோஸ் உரிமமும் தேவையில்லை.

அப்படியென்றால் எப்படி வேலை செய்கிறது? கிளினிக்குக்குப் பாட்டியை அழைத்துப் போயிருப்பீர்கள். பாட்டி தமிழில் சொல்வார், நீங்கள் நர்ஸிடம் அதை மலாயில் சொல்வீர்கள். நர்ஸ் சொல்வதைத் திரும்பப் பாட்டிக்குத் தமிழில் சொல்வீர்கள். வைன் செய்வதும் அதைத்தான். ஒரு விண்டோஸ் மென்பொருள் "ஒரு சன்னல் திற", "இந்தக் கோப்பைச் சேமி" என்று விண்டோஸிடம் கேட்கும். வைன் அந்தக் கோரிக்கையை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும்.

மொழிபெயர்க்கும்போது பாட்டி சொல்லாத கேள்விகளும் வரும் இல்லையா? முகவரி என்ன, யாருடைய தொலைபேசி எண்ணைக் கொடுப்பது என்று. அப்போது நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுவீர்கள். வைனும் அப்படித்தான் சொல்லும். அந்தப் பதில்கள்தான் அதன் டீஃபால்ட்.

டீஃபால்ட் 1: எல்லாம் ஒரே பெட்டியில், அதுவும் மறைவாக

முதன்முறை வைனை ஓட்டியவுடன் உங்கள் ஹோம் கோப்புறையில் 'வைன்' என்ற ஒரு கோப்புறை உருவாகும். அதன் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கும். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பல லினக்ஸ்களின் ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால்தான் தெரியும்.

அந்தக் கோப்புறைக்குள் 'டிரைவ் சி' என்று ஒன்று இருக்கும். விண்டோஸ் மென்பொருள் "சி டிரைவ்" என்று நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியும் இங்கே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். இந்த முழுப் பெட்டியையும் 'பிரிஃபிக்ஸ்' என்பார்கள்.

நீங்கள் எத்தனை விண்டோஸ் மென்பொருள் போட்டாலும், வேறு சொல்லாதவரை, எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள்தான் போகும். ஒன்றுக்காக நீங்கள் செய்யும் மாற்றம் இன்னொன்றைக் கெடுக்கலாம். விளையாட்டுக்காக ஏதோ ஒரு லைப்ரரியைப் போட்டீர்கள், மறுநாள் அச்சக மென்பொருள் திறக்கவில்லை என்பது நடக்கக்கூடிய கதைதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வைன் சரியாக ஓடவில்லை என்றால் இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் அறிவுரை: "அந்த வைன் கோப்புறையை டெலீட் பண்ணிட்டு முதலிலிருந்து ஆரம்பிங்க." அறிவுரை தவறில்லை. அது உண்மையிலேயே எல்லாவற்றையும் முன்னிருப்புக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அப்பாவின் மென்பொருள் தன் கோப்புகளை சி டிரைவில் தன்னுடைய சொந்தக் கோப்புறையிலேயே சேமிக்கும் பழைய ரகமாக இருந்தால்? பெட்டியோடு சேர்ந்து வேலையும் போய்விடும். 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையை மட்டும் தம்ப் டிரைவில் நகல் எடுத்து வைத்திருந்தால், அந்த நகலிலும் இது இருக்காது.

என்ன செய்யணும்?

ஒவ்வொரு முக்கிய மென்பொருளுக்கும் தனிப் பெட்டி வையுங்கள். கட்டளை எழுதத் தெரிந்தவர்கள் 'வைன்பிரிஃபிக்ஸ்' என்ற மாறியில் வேறு கோப்புறையைக் குறிப்பிட்டு இதைச் செய்யலாம். தெரியாதவர்களுக்கு 'பாட்டில்ஸ்' என்ற இலவச செயலி இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு 'பாட்டில்' உருவாக்கி அதற்குள் போட்டுவிடலாம். ஒன்று உடைந்தாலும் மற்றது பத்திரம்.

நகல் எடுக்கும்போது அந்த மறைவான கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், பெட்டி முழுவதும் ஒரே கோப்புறை. அதை அப்படியே தம்ப் டிரைவில் நகல் எடுத்து வைக்கலாம்.

டீஃபால்ட் 2: திறந்தே இருக்கும் இசட் டிரைவ்

நிறையப் பேருக்குத் தெரியாத அமைப்பு இது. வைனுக்குள் சி டிரைவோடு இசட் டிரைவ் என்றும் ஒன்று தானாகவே இருக்கும். அது உங்கள் லினக்ஸ் கணினியின் ஆக மேல்நிலைக் கோப்புறையைக் காட்டுகிறது. அதாவது, வைனில் ஓடும் எந்த விண்டோஸ் மென்பொருளும், லினக்ஸில் உங்களால் திறக்க முடிகிற எல்லாக் கோப்புகளையும் திறக்க முடியும். அதோடு 'மை டாக்குமென்ட்ஸ்', 'டெஸ்க்டாப்', 'பிக்சர்ஸ்' போன்றவையும் வழக்கமாக உங்கள் நிஜக் கோப்புறைகளோடு இணைக்கப்பட்டிருக்கும்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? வசதிக்காக. டவுன்லோட்ஸில் கிடக்கும் இன்ஸ்டாலரை டபுள் கிளிக் செய்தால் அது ஓட வேண்டும். வேர்டில் 'சேவ்' என்று அழுத்தினால் கோப்பு நீங்கள் தேடும் இடத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன "டெலீட் பண்ணிட்டு ஆரம்பிங்க" விபத்தில் 'மை டாக்குமென்ட்ஸ்' கோப்புகள் தப்பிப்பதும் இந்த இணைப்பால்தான். அந்தக் கோப்புகள் பெட்டிக்கு வெளியே இருக்கின்றன.

ஆனால் அதே கதவு வழியாகத் திருடனும் வரலாம். "லினக்ஸில் வைரஸ் வராது" என்று நம்பி, எங்கிருந்தோ கிடைத்த 'கிராக்' பண்ணிய மென்பொருளை வைனில் ஓட்டினால், அதற்குள் ஒளிந்திருக்கும் விண்டோஸ் தீநிரலும் சேர்ந்தே ஓடலாம். அதன் பார்வைக்கு முன்னால் என்னென்ன இருக்கும்? குடும்பப் படங்கள், ஐ.சி. நகல், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கைகள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகைக்கு இவ்வளவு போதும். கணினியின் நிர்வாகி கடவுச்சொல்கூடத் தேவையில்லை.

என்ன செய்யணும்?

'வைன் கன்ஃபிகரேஷன்' சன்னலைத் திறந்தால் 'டிரைவ்ஸ்' என்ற பகுதி இருக்கும். அங்கே இசட் டிரைவை நீக்கலாம். 'டெஸ்க்டாப் இன்டக்ரேஷன்' பகுதியில் கோப்புறை இணைப்புகளை அவிழ்த்துவிடலாம். தேவையான ஒரே ஒரு கோப்புறையை மட்டும் ஒரு புது டிரைவாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஓட்ட வேண்டிய இன்ஸ்டாலரை முதலில் சி டிரைவுக்குள்ளோ அந்தக் கோப்புறைக்குள்ளோ வைத்துவிட்டுத்தான் ஓட்ட முடியும். கொஞ்சம் எரிச்சல்தான், பழகிவிடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: இது கதவைச் சாத்துவது மாதிரி, பூட்டுவது மாதிரி இல்லை. வைன் ஒரு பாதுகாப்பு வேலியாக வடிவமைக்கப்படவில்லை. வேண்டுமென்றே தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரலுக்கு இசட் டிரைவ் இல்லாமலேயே வழி கண்டுபிடிக்கத் தெரியும். மூலம் தெரியாத மென்பொருளை ஓட்டாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. ஓட்டியே ஆக வேண்டுமென்றால் தனிப் பயனர் கணக்கிலோ, ஒரு மெய்நிகர் கணினிக்குள்ளோ ஓட்டுங்கள். ஃபிளாட்பேக் வடிவில் போடப்படும் 'பாட்டில்ஸ்' செயலிக்கும் உங்கள் ஹோம் கோப்புறை முழுவதையும் பார்க்கும் அனுமதி டீஃபால்ட்டாகக் கிடையாது. வைனைவிட அது ஒருபடி இறுக்கம்.

இன்னொன்று: சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, வைனை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

டீஃபால்ட் 3: "நான் விண்டோஸ் 10"

மென்பொருள் "நீ எந்த விண்டோஸ்?" என்று கேட்கும்போது வைன் ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். முன்பு அந்தப் பதில் எக்ஸ்பி என்று இருந்தது. பிறகு விண்டோஸ் 7 ஆனது. இப்போது புதிதாக உருவாகும் பெட்டிகளில் விண்டோஸ் 10.

புது மென்பொருளுக்கு இது சரி. ஆனால் 2001-இல் எழுதப்பட்ட ஒன்று, தனக்குத் தெரியாத பதிப்பு எண்ணைக் கேட்டவுடன் மிரண்டு நின்றுவிடலாம். அப்போது வைன் கன்ஃபிகரேஷனில் 'அப்ளிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்த மென்பொருளை மட்டும் சேர்த்து, அதற்கு மட்டும் 'விண்டோஸ் எக்ஸ்பி' என்று மாற்றுங்கள். மொத்த டீஃபால்ட்டையும் எக்ஸ்பிக்கு மாற்றிவிட்டால் அதே பெட்டியில் உள்ள புது மென்பொருள்கள் சண்டைக்கு வரும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 64 பிட் விண்டோஸில் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் மென்பொருள் ஓடாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. ஆனால் வைனில் அந்தப் பழைய மென்பொருள்களில் பலவும் ஓடுகின்றன. அதாவது, அப்பாவின் பழைய மென்பொருளுக்குப் புது விண்டோஸைவிட லினக்ஸே நல்ல வீடாக அமையலாம்.

மற்ற இரண்டை வேகமாகச் சொல்லிவிடலாம். 'மோனோ' என்ற ஒன்றை இன்ஸ்டால் பண்ணட்டுமா என்று வைன் கேட்டால், சரி என்று சொல்லலாம். டாட்நெட் மென்பொருள்களுக்கு அது வேண்டும். எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால் 'கிராபிக்ஸ்' பகுதியில் டி.பி.ஐ. 96 என்று இருப்பதைக் கூட்டுங்கள்.

தமிழுக்கு மட்டும் வரும் சிக்கல்

ஆங்கில மென்பொருளை ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாத ஒரு தலைவலி நமக்கு உண்டு.

யூனிகோட் தரத்தில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸில் யூனிகோட் தமிழ் எழுதும் வசதி விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. அதற்கு முன்பே தமிழர்கள் கணினியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இதில் மலேசியாவின் பங்கு பெரியது. முத்து நெடுமாறனின் 'முரசு' மென்பொருள் 1985-இல் இங்கேதான் பிறந்தது. பின்னாளில் அது 'முரசு அஞ்சல்' ஆனது. 2001-ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில்தான் நடந்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு முறையில் தமிழை அடைத்து வைத்தது. திஸ்கி, தாப், தாம், பாமினி என்று பல குறியீட்டு முறைகள். அடிப்படை யோசனை ஒன்றுதான்: கணினிக்கு அது ஆங்கில, ஐரோப்பிய எழுத்து. திரையில் காட்டும் எழுத்துரு மட்டும் அந்த இடங்களில் தமிழ் வடிவத்தை வரைந்துவிடும். எழுத்துரு இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிவது புரியாத ஐரோப்பியக் கிறுக்கல்.

இதில் டீஃபால்ட் எங்கே வருகிறது? மூன்று இடத்தில்.

முதலாவது, எழுத்துரு. 'லதா', 'நிர்மலா' போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்கள் வைனோடு வராது. அச்சகத்தின் பழைய எழுத்துருக்களும் தானாக வராது. பழைய விண்டோஸ் கணினியை அழிப்பதற்கு முன், அதன் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். பிறகு வைன் பெட்டியில் சி டிரைவில் உள்ள 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்' கோப்புறைக்குள் போடுங்கள். இந்த ஒரு வேலையை மறந்துவிட்டு ஹார்ட் டிஸ்கை ஃபார்மேட் பண்ணினால், மென்பொருள் திறக்கும், கோப்பு திறக்கும், ஆனால் மாப்பிள்ளை பெயர் மட்டும் படிக்க முடியாது.

இரண்டாவது, மொழி. பழைய மென்பொருள் "எழுத்துகளுக்கு எந்தக் குறியீட்டுப் பக்கம்?" என்று கேட்கும். வைன் உங்கள் லினக்ஸின் மொழி அமைப்பைப் பார்த்துப் பதில் சொல்லும். லினக்ஸ் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருந்தால் பதில் 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பக்கம். பழைய தமிழ் எழுத்துருக்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். விண்டோஸ் உலகில் தமிழுக்கென்று அப்படி ஒரு பக்க எண்ணே கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டும் உண்டு. ஆகவே, ஆசையாக லினக்ஸ் முழுவதையும் தமிழில் மாற்றி வைத்திருந்தால், பழைய தமிழ் மென்பொருளில் எழுத்துகள் குழம்பிக் கேள்விக்குறிகளாக மாறலாம். தமிழ்ப் பற்றுக்குத் தண்டனை மாதிரி இருக்கிறது, என்ன செய்வது! திரை தமிழிலேயே இருக்கட்டும். அந்த ஒரு மென்பொருளை மட்டும் ஆங்கில மொழி அமைப்பில் ஓட்டுங்கள். 'பாட்டில்ஸ்' செயலியில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் மொழியைத் தனியாகக் குறிப்பிடலாம்.

மூன்றாவது, தட்டச்சு. விண்டோஸில் பயன்படுத்திய தமிழ் விசைப்பலகை மென்பொருளை வைனில் போட்டால், அது லினக்ஸின் மற்ற செயலிகளில் தமிழ் எழுதாது. தேவையும் இல்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதி மூலம் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோட் ஏற்கும் மென்பொருளாக இருந்தால் வைனுக்குள்ளும் அதிலேயே எழுதிப் பார்க்கலாம்.

எல்லாம் ஓடி, பழைய கோப்பு ஒருமுறை திறந்துவிட்டால் அதோடு நிற்காதீர்கள். உள்ளே உள்ள தமிழை யூனிகோடுக்கு மாற்றி ஒரு நகல் வையுங்கள். வடிவமைப்பு அப்படியே வேண்டுமென்றால் ஒரு பி.டி.எஃப். எடுத்து வையுங்கள். மூலக் கோப்பையும் அழிக்காதீர்கள். பேஜ்மேக்கர் கோப்புகள் என்றால் லிப்ரே ஆஃபிஸில் நேரடியாகவும் திறந்து பார்க்கலாம். சில நேரங்களில் வைனே தேவைப்படாது.

வைன் மட்டும்தானா? மற்றவற்றின் டீஃபால்ட்

ஒவ்வொரு நிறுவனமும் இந்தக் கதவை ஒவ்வொரு அளவுக்குத் திறந்து வைத்திருக்கிறது.

ஸ்டீம்: கேம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் கொண்டுவந்த 'புரோட்டான்' என்பது வைனை அடிப்படையாகக் கொண்டது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் கருவியிலும் அதுவே. வைனிலிருந்து இதன் பெரிய வேறுபாடு: ஒவ்வொரு கேமுக்கும் டீஃபால்ட்டாகவே தனிப் பெட்டி. வைனில் நாம் கையால் செய்ய வேண்டியதை இது தானாகவே செய்கிறது. ஆனால் வலோரண்ட் ஆடலாம் என்று நினைக்காதீர்கள். அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸின் ஆழத்தில் உட்கார வேண்டும். லினக்ஸில் அது ஓடாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் பலனில்லை.

மேக்: 2020 நவம்பரில் எம்1 சில்லு வந்தபோது, இன்டெல் மேக்குக்காக எழுதிய செயலிகளை ஓட்ட ஆப்பிள் 'ரொசெட்டா 2' கொடுத்தது. இது வேறு இயங்குதளத்தின் மென்பொருளுக்கானது இல்லை, வேறு சில்லின் மென்பொருளுக்கானது. அப்படிப்பட்ட செயலியை முதன்முறை திறக்கும்போது "ரொசெட்டாவைப் போடட்டுமா?" என்று கேட்கும். ஆனால் இது நிரந்தரம் இல்லை. மேக் ஓஎஸ் 27 வரைதான் முழுமையாகக் கிடைக்கும், அதன் பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்தது. பழைய இன்டெல் செயலியை நம்பி வேலை செய்கிறவர்கள் இப்போதே மாற்று தேடுவது நல்லது.

விண்டோஸுக்குள் லினக்ஸ்: கணினித் துறை மாணவர்கள் பயன்படுத்தும் டபிள்யூ.எஸ்.எல். இது. வேறொன்றும் சொல்லாமல் இன்ஸ்டால் பண்ணினால் உபுண்டு வரும். உங்கள் சி டிரைவ் முழுவதும் லினக்ஸுக்குள் டீஃபால்ட்டாகத் தெரியும். அங்கே தவறாக ஓர் அழிப்புக் கட்டளை போட்டால் விண்டோஸ் பக்கம் உள்ள உங்கள் அசைன்மென்டும் போய்விடும். நினைவகத்திலும் பாதிவரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி லேப்டாப் திணறினால் அதன் கன்ஃபிக் கோப்பில் வரம்பு போடுங்கள்.

குரோம்புக்: இது எதிர்த்திசை. லினக்ஸ் வசதி டீஃபால்ட்டாக அணைக்கப்பட்டிருக்கும். ஆன் செய்தாலும் 'லினக்ஸ் ஃபைல்ஸ்' என்ற ஒரு கோப்புறை மட்டும்தான் அதற்குத் தெரியும். மற்றதை நீங்களே ஒவ்வொன்றாகப் பகிர வேண்டும். பள்ளிக் கணக்கில் நுழைந்திருந்தால், இந்த வசதியைத் திறப்பதா வேண்டாமா என்பது பள்ளிக் கணக்கின் நிர்வாகி கையில்.

மெய்நிகர் கணினி: வர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றில் முழு விண்டோஸையே ஒரு சன்னலுக்குள் ஓட்டலாம். உள்ளே இருக்கும் கணினிக்கும் வெளியே இருக்கும் கணினிக்கும் இடையே காப்பி-பேஸ்ட், பகிர்ந்த கோப்புறை எல்லாம் டீஃபால்ட்டாக மூடியிருக்கும். "ஏன் காப்பி ஆக மாட்டேங்குது?" என்று எரிச்சல்படும் முன், அது உங்களைக் காப்பதற்கான அமைப்பு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு விண்டோஸ் உரிமம் தேவை, நினைவகமும் நிறைய வேண்டும்.

வைன், டபிள்யூ.எஸ்.எல். இரண்டும் வசதியின் பக்கம் சாய்கின்றன. குரோம்புக், வர்ச்சுவல்பாக்ஸ் இரண்டும் காவலின் பக்கம். இரண்டிலும் தவறில்லை. உங்கள் லேப்டாப்பில் எது எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது இதெல்லாம் வேண்டாம்?

தினசரி வருமானம் ஒரே ஒரு விண்டோஸ் மென்பொருளை நம்பி இருந்தால், அதை வைனில் சோதித்துப் பார்க்காமல் விண்டோஸை அழிக்காதீர்கள். யு.எஸ்.பி. டாங்கிள் செருகினால்தான் ஓடும் கணக்கு மென்பொருள், தனி டிரைவர் தேவைப்படும் அட்டை அச்சுப்பொறி, புதிய அடோபி மென்பொருள்கள் போன்றவை வைனில் அடிக்கடி மக்கர் பண்ணும். இவற்றுக்குப் பழைய விண்டோஸ் கணினியை இணையத் தொடர்பே இல்லாமல் தனியாக வைத்துக்கொள்வதும் ஒரு நேர்மையான தீர்வு.

இன்றைக்கே செய்யக்கூடியவை

• விண்டோஸை அழிக்கும் முன்: கோப்புகள், தமிழ் எழுத்துருக்கள், இன்ஸ்டாலர், உரிம எண் நான்கையும் நகல் எடுங்கள்.

• வைன் போட்ட பின்: முக்கிய மென்பொருளுக்குத் தனிப் பெட்டி. மறைவான கோப்புறையும் நகலில் இருக்கட்டும்.

• 'டிரைவ்ஸ்' பகுதியில் இசட் டிரைவ் தேவையா என்று யோசியுங்கள். தேவையில்லை என்றால் நீக்குங்கள்.

• விண்டோஸ் பதிப்பை மாற்றுவதானால் அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் மாற்றுங்கள்.

• பழைய தமிழ்க் கோப்பு திறந்தவுடன் யூனிகோட் நகல், பி.டி.எஃப். நகல் இரண்டும் எடுங்கள்.

• தீநிரல் தாக்கியதாகச் சந்தேகம் வந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையில் புகார் செய்யுங்கள். மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழையுங்கள்.

வைன் கன்ஃபிகரேஷன் சன்னலில் மொத்தம் ஏழெட்டுப் பகுதிகள்தான். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அடுத்த முறை அப்பா "அந்த ஃபைலு திறக்குமா?" என்று கேட்டால், "திறக்கும்பா, நகலும் எடுத்து வச்சிட்டேன்" என்று சொல்லலாம்.